செய்மதிப் படத்தில் வயலும் தோட்டமும்: எப்படத்தில் எவ்வளவு தெரியும்?

பயிரை நாடோறும் பார்வையிடும் கமக்காரனே நல்ல விளைவு காண்பான். அவனுடைய கண்ணுக்கு இக்காலத்தில் ஒரு புதிய துணை கிடைத்துள்ளது. ஏறக்குறைய 700 முதல் 800 கிலோமீற்றர் உயரத்திற் பூமியைச் சுற்றிவரும் செய்மதிகள் வயல்களையும் குளங்களையும் காடுகளையும் இடைவிடாது படம் பிடிக்கின்றன. பயிர்செய்த நிலப்பரப்பைக் கணக்கிடுதற்கும், வரட்சியைக் கண்டறிதற்கும், வெள்ளச் சேதத்தை மதிப்பிடுதற்கும் இப்படங்கள் உலகின் பல நாடுகளில் உபயோகிக்கப்படுகின்றன.

ஆயினும் செய்மதிப் படங்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. ஒரு படத்தில் வரம்பும் வாய்க்காலும் தனித்தனியே தெரியும். இன்னொரு படத்தில் ஒரு சிறுகுளத்தின் கீழுள்ள வயல்வெளி முழுவதும் ஒரே புள்ளியாக நிற்கும். இவ்வேறுபாட்டை அறியாது படத்தை நம்பினால், அழிந்த வயல் நல்ல வயலாகவும், நல்ல வயல் அழிந்த வயலாகவும் கணக்கில் ஏறக்கூடும். நட்டஈடும் காப்புறுதியும் இத்தகைய மதிப்பீட்டைச் சார்ந்து நிற்குமிடத்து, இப்பிழையின் பாரம் கமக்காரனையே சாரும். ஆகையால் எப்படத்தில் எவ்வளவு தெரியும் என்பதைக் கமக்காரர் ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

1. பிரிதிறன் என்பது யாது?

நெல்லைச் சலிப்பதற்குப் பல அளவான கண்களையுடைய அரிதட்டுக்கள் உண்டு. பெரிய கண்ணுள்ள தட்டில் நெல்லும் சிறுகல்லும் சேர்ந்தே விழும்; சிறிய கண்ணுள்ள தட்டு அவற்றைப் பிரித்துக் காட்டும். செய்மதிப் படத்திலும் இதுபோன்ற பிரிக்கும் ஆற்றல் உண்டு. அதுவே பிரிதிறன் எனப்படும். அது நான்கு வகைப்படும்:

(அ) இடப் பிரிதிறன்: எவ்வளவு சிறிய நிலத்துண்டு தனியே தெரியும் என்பது.
(ஆ) காலப் பிரிதிறன்: ஒரே நிலம் எத்தனை நாளுக்கொருமுறை படம் பிடிக்கப்படும் என்பது.
(இ) நிறமாலைப் பிரிதிறன்: ஒளியை எத்தனை நிறப் பகுதிகளாகப் பிரித்து அளக்கும் என்பது.
(ஈ) ஒளியளவுப் பிரிதிறன்: ஒளியின் கூடுதல் குறைவை எவ்வளவு நுணுக்கமாக அளக்கும் என்பது.

ஒரு படத்தை நல்லது என்றோ தீயது என்றோ சொல்லுமுன், இந்நான்கையும் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

2. இடப் பிரிதிறன்

செய்மதிப் படம் சிறுசிறு சதுரக் கட்டங்களால் ஆனது. பாய் இழையும் ஓலைகளைப்போல இக்கட்டங்கள் நெருங்கி நின்று படமாகின்றன. ஒரு கட்டத்துக்கு ஒரு நிறமே உண்டு. அக்கட்டத்துக்குட்பட்ட நிலத்திற் பத்து வகைப் பொருள்கள் இருப்பினும், அவை யாவும் கலந்த ஒரு சராசரி நிறமே பதிவாகும். கட்டத்தின் பக்கம் நிலத்தில் எத்தனை மீற்றர் என்பதே பொதுவாக இடப் பிரிதிறன் எனக் குறிப்பிடப்படுகின்றது.

1972 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஏவப்பட்ட முதலாவது லாண்ட்சற் செய்மதியின் கட்டம் ஏறக்குறைய 80 மீற்றர். 1982 இல் ஏவப்பட்ட நான்காவது லாண்ட்சற் அதனை 30 மீற்றராகக் குறைத்தது. 1986 இற் பிரான்சு தேசம் ஏவிய ஸ்பொட் செய்மதி 20 மீற்றர் நிறப்படமும் 10 மீற்றர் கறுப்பு வெள்ளைப் படமும் எடுத்தது. 1999 இல் ஏவப்பட்ட இக்கோனோஸ் செய்மதியின் கறுப்பு வெள்ளைப் படத்தின் கட்டம் ஏறத்தாழ 1 மீற்றர். ஐரோப்பியரின் சென்ரினெல்-2 வரிசையின் முதற் செய்மதி 2015 இல் ஏவப்பட்டது. அதன் முக்கிய நிறங்களின் கட்டம் 10 மீற்றர்.

இவ்வளவுகளைக் கமக்காரர் பழகிய அளவிற் கூறினால் எளிதில் விளங்கும். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ்; யாழ்ப்பாணக் கணக்கில் 16 பரப்பு; சதுர மீற்றரில் ஏறக்குறைய 4,047.

10 மீற்றர்க் கட்டம்: 100 சதுர மீற்றர், ஏறக்குறைய 4 பேர்ச்சஸ்.
20 மீற்றர்க் கட்டம்: 400 சதுர மீற்றர்; ஏறக்குறைய 16 பேர்ச்சஸ்.
30 மீற்றர்க் கட்டம்: 900 சதுர மீற்றர், ஏறக்குறைய மூன்றரைப் பரப்பு.
80 மீற்றர்க் கட்டம்: 6,400 சதுர மீற்றர், ஏறக்குறைய 25 பரப்பு.
250 மீற்றர்க் கட்டம்: 62,500 சதுர மீற்றர், ஏறக்குறைய 15½ ஏக்கர்.

கட்டத்தின் பக்கம் இரட்டித்தால் அதன் பரப்பு நான்கு மடங்காகும் என்பதை மறத்தலாகாது. 10 மீற்றருக்கும் 30 மீற்றருக்கும் உள்ள வேறுபாடு மூன்று மடங்கன்று, ஒன்பது மடங்காகும்.

3. கலப்புக் கட்டம்

கட்டங்கள் வரம்பைப் பார்த்து அமைவதில்லை. வரம்பின்மேல் விழும் கட்டத்தில் இருவர் வயலும் கலந்துவிடும். இதுவே கலப்புக் கட்டம்.

சதுரமான ஓர் ஏக்கர் வயலின் பக்கம் ஏறக்குறைய 64 மீற்றர். வரம்புகள் வடக்குத் தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் அமைந்திருப்பின், 10 மீற்றர்ப் படத்தில் அவ்வயலுக்குள் முழுமையாக அடங்கும் கட்டங்கள் 25 இற்குக் குறையா. அவற்றைக்கொண்டு வயலின் மேட்டுப்பகுதி, பள்ளப்பகுதி என்பவற்றையும் வேறுபடுத்தலாம். 30 மீற்றர்ப் படத்திலோ முழுமையாக அடங்குவது பெரும்பாலும் ஒரு கட்டமே. 250 மீற்றர்ப் படத்தில் அவ்வயல், பதினைந்து ஏக்கர்க் கட்டமொன்றின் சிறுபகுதியாக மறைந்துபோம்.

இரண்டு பரப்புத் தோட்டத்தின் நிலை இன்னும் கடினமானது. அதன் பக்கம் ஏறக்குறைய 22 மீற்றர். 10 மீற்றர்ப் படத்திலும் முழுமையாக அடங்குவது ஒரு கட்டமாகவே பெரும்பாலும் இருக்கும். ஏனைய கட்டங்களில் வேலியும் ஒழுங்கையும் பனைநிழலும் அயலவர் வாழையும் கலந்துவிடும். யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் வெங்காயம், மிளகாய், புகையிலை என்பன அடுத்தடுத்துச் சிறு துண்டுகளிற் செய்யப்படுவதால், நெல்வயலுக்குப் போதுமான படம் தோட்டத்துக்குப் போதாது.

4. காலப் பிரிதிறன்

பயிர் நாளுக்கு நாள் மாறுவது. அதனை எத்தனைமுறை காண்கின்றோம் என்பது, எவ்வளவு நுணுக்கமாகக் காண்கின்றோம் என்பதனைப் போலவே முக்கியமானது.

ஒரு லாண்ட்சற் செய்மதி ஒரே நிலத்தின்மேல் 16 நாளுக்கொருமுறை வரும். 2013 இல் ஏவப்பட்ட எட்டாவதும் 2021 இல் ஏவப்பட்ட ஒன்பதாவதும் சேர்ந்து இதனை 8 நாளாக்கின. இரண்டு சென்ரினெல்-2 செய்மதிகள் சேர்ந்து 5 நாளுக்கொருமுறை படம் எடுக்கும். 1999 இலும் 2002 இலும் ஏவப்பட்ட இரு செய்மதிகளிற் பொருத்தப்பட்ட மோடிஸ் என்னும் கருவி, 250 மீற்றர் முதல் 1 கிலோமீற்றர் வரையான பெரிய கட்டங்களையுடையதாயினும், ஓரிரு நாளுக்கொருமுறை உலகம் முழுவதையும் பார்க்க வல்லதாக அமைக்கப்பட்டது.

மூன்றரை மாத நெல் வயலில் நிற்பது ஏறக்குறைய 105 நாள். இக்காலத்தில் 16 நாட் செய்மதி ஆறேழு முறையும், 5 நாட் செய்மதிகள் 21 முறையும் வரும். ஆனால் வருவது வேறு, காண்பது வேறு. வருகின்ற நாளில் முகில் மூடியிருப்பின் அப்படம் பயன்படாது. குடலைப் பருவத்தில் நீர் தட்டுப்பட்டதா என்பதை அறியவேண்டிய வாரத்திற் படம் இல்லையாயின், முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எவ்வளவு தெளிவானவையாயினும் அக்குறையை நிரப்பமாட்டா.

கைத்தொலைபேசியிற் காணும் வரைபடப் படங்களையும் இங்கே குறிப்பிடுதல் தகும். அவற்றில் வீட்டுக் கூரையும் கிணறும் தெரியும். ஆனால் அவை அன்றைய படங்கள் அல்ல. பல மாதங்களோ ஆண்டுகளோ முன்னர் எடுத்தவை. வரம்பையும் வாய்க்காலையும் அறிய அவை உதவும். நிற்கும் பயிரின் நிலையை அறிய உதவமாட்டா.

5. நிறமாலைப் பிரிதிறன்

மனிதர் கண் காணும் ஒளி, ஞாயிற்றொளியின் ஒரு பகுதியே. சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர் உண்டு. பச்சையிலையானது சிவப்பொளியை உறிஞ்சி உணவாக்கப் பயன்படுத்தும். அண்மைச் செங்கீழ்க் கதிரையோ இலையின் உட்கட்டமைப்புப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். எனவே நல்ல பயிர் சிவப்பிற் கறுத்தும் செங்கீழ்க் கதிரில் வெளுத்தும் தோன்றும். இலை பழுத்துக் காயும்போது இவ்வேறுபாடு குறையும்.

இவ்விரண்டின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்துப் பெறும் எண் தாவரச் சுட்டெண் எனப்படும். ஒரு நல்ல நெற்பயிர் சிவப்பொளியில் நூற்றுக்கு 4 பங்கையும் செங்கீழ்க் கதிரில் நூற்றுக்கு 40 பங்கையும் திருப்புகின்றது எனக் கொள்வோம். வித்தியாசம் 36, கூட்டுத்தொகை 44, சுட்டெண் 0.82. காய்ந்த பயிர் 20 பங்கையும் 30 பங்கையும் திருப்புமாயின் சுட்டெண் 0.20 ஆகும்.

சென்ரினெல்-2 ஒளியை 13 பகுதிகளாகப் பிரித்து அளக்கின்றது. சிவப்பும் அண்மைச் செங்கீழும் 10 மீற்றர்க் கட்டத்தில் அளக்கப்படும். இலையின் பச்சையத்தை நுணுக்கமாக அறிய உதவும் சிவப்பு விளிம்புப் பகுதிகளும், இலையிலும் மண்ணிலும் உள்ள ஈரத்தை அறிய உதவும் குற்றலைச் செங்கீழ்ப் பகுதிகளும் 20 மீற்றர்க் கட்டத்தில் அளக்கப்படும். ஒன்றில் நுணுக்கம் கூடினால் மற்றொன்றிற் குறைகின்றது என்பதை இங்கே காணலாம்.

6. ஒளியளவுப் பிரிதிறன்

நெல்லைப் புசலால் மட்டும் அளப்பவன் கொத்துக் கணக்கான வேறுபாட்டை அறியான். சுண்டால் அளப்பவன் அதனினும் சிறிய வேறுபாட்டையும் அறிவான். ஒளியை அளப்பதும் இவ்வாறே. முதலாவது லாண்ட்சற் ஒளியை 64 படிகளிலும், ஐந்தாவது 256 படிகளிலும், எட்டாவது 4,096 படிகளிலும், ஒன்பதாவது 16,384 படிகளிலும் அளந்தன. படிகள் கூடுமிடத்து, சற்றே வெளிறிய பயிரையும் நல்ல பச்சைப் பயிரையும் பிரித்தறிவது எளிதாகும். நிழலிலும் நீரிலும் உள்ள சிறு வேறுபாடுகளும் புலப்படும்.

7. எல்லாச் சிறப்பும் ஒரு படத்தில் அமையாதது ஏன்?

கருவிக்கு வந்துசேரும் ஒளி அளவுடையது. சிறிய கட்டத்திலிருந்து வரும் ஒளி சிறிது; அதனை மேலும் பல நிறங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது இன்னும் சிறிது. ஆகையால் மிகச் சிறிய கட்டத்தை விரும்புவோர் நிறத்திற் குறைவை ஏற்கவேண்டும். அன்றியும் நுணுக்கமாகப் பார்க்கும் கருவி ஒரே தடவையில் அகலமாகப் பார்ப்பது அரிது. 2014 இல் ஏவப்பட்ட வேள்ட்வியூ-3 செய்மதியின் கறுப்பு வெள்ளைக் கட்டம் 31 சதமமீற்றரே. ஆனால் அது ஒரு வழியிற் பார்க்கும் அகலம் ஏறக்குறைய 13 கிலோமீற்றர். லாண்ட்சற்றின் அகலம் 185 கிலோமீற்றர். சென்ரினெல்-2 இன் அகலம் 290 கிலோமீற்றர். மோடிசின் அகலம் 2,330 கிலோமீற்றர். அகலமாகப் பார்ப்பது விரைவில் மீண்டும் வரும். ஒடுக்கமாகப் பார்ப்பது கேட்ட இடத்தை மட்டும் பார்க்கும். விலையும் இதனைத் தொடரும். லாண்ட்சற், சென்ரினெல் படங்கள் இலவசமாகக் கிடைப்பவை. மிக நுணுக்கமான படங்கள் பெரும்பாலும் விலைக்கு வாங்கவேண்டியவை.

8. முகிலும் றேடாரும்

இலங்கையின் வரண்ட வலயத்திற் பெரும்போகம் மழையை நம்பிச் செய்யப்படுவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வானம் பெரும்பாலும் முகில் மூடியே இருக்கும். ஆகவே பயிரைக் காணவேண்டிய காலத்திலேயே ஒளிப்படங்கள் கைவிடுகின்றன. சிறுபோகத்தில் வானம் தெளிவாயிருப்பதால் அவை நன்கு உதவும்.

முகிலை ஊடுருவிப் பார்க்க வல்லது றேடார். சென்ரினெல்-1 செய்மதி ஏறக்குறைய ஐந்தரைச் சதமமீற்றர் நீளமுள்ள அலைகளைத் தானே அனுப்பி, திரும்பி வருவதை அளக்கின்றது. அதற்குப் பகலும் இரவும் ஒன்றே. அமைதியான நீர்ப்பரப்பு அலையை அப்பாற் சிதறவிடாது வேறு திசைக்குத் திருப்பிவிடுவதால் படத்திற் கறுப்பாகத் தோன்றும். நீர் கட்டிய புதுவயல் முதலிற் கறுத்து, நெல் வளர வளர வெளுக்கும். இதனைக்கொண்டு எப்பகுதியில் எப்போது செய்கை தொடங்கியது என்பதை மதிப்பிடலாம்.

றேடார்ப் படத்துக்கும் குறைகள் உண்டு. அதில் உப்பும் மிளகுத்தூளும் தூவியதுபோன்ற புள்ளிகள் நிறைந்திருக்கும். பல கட்டங்களைச் சேர்த்துச் சராசரி கண்டாலன்றி உண்மை புலப்படாது. ஆகவே சிறுவயலுக்குத் தனியே தீர்ப்புச் சொல்ல அது தகாது. அன்றியும் மடை திறந்து கட்டிய நீரும் வெள்ளமாய் வந்த நீரும் அதற்கு ஒன்றே. முன்னர் எடுத்த படத்தோடு ஒப்பிட்டே வெள்ளத்தை அறிதல் வேண்டும்.

9. வெள்ளச் சேதம்: ஓர் எடுத்துக்காட்டு

ஒரு சிறுகுளத்தின் கீழ்ப் பதினைந்து ஏக்கர் வயல்வெளி உண்டெனக் கொள்வோம். பெருமழையின்பின் மேட்டுப்பகுதிப் பத்து ஏக்கரில் ஒருநாளில் நீர் வடிந்தது, பயிர் தப்பியது. பள்ளப்பகுதி ஐந்து ஏக்கரிற் பத்துநாள் நீர் நின்றது, பயிர் அழுகியது. 250 மீற்றர்ப் படத்தில் இவ்வெளி ஏறத்தாழ ஒரே கட்டம். “மூன்றிலொரு பங்கு சேதம்” என்று அது கூறும். அதன்படி எல்லோருக்கும் ஒரே அளவாகக் கணக்கிட்டால், முழுவதும் இழந்தவனுக்கு மூன்றிலொரு பங்கே கிடைக்கும். ஒன்றும் இழவாதவனுக்கும் அதேயளவு கிடைக்கும். பாதிக்குமேல் அழிந்த கட்டங்களை மட்டும் கணக்கெடுப்பதாயின், பள்ளவயற் கமக்காரனுக்கு ஒன்றும் கிடையாது. படம் பொய் கூறவில்லை. கேட்கத் தகாத கேள்வியை அதனிடம் கேட்டதே பிழை. 10 மீற்றர்ப் படத்தில் அவ்வைந்து ஏக்கர் ஏறக்குறைய 200 கட்டங்களாகத் தனியே நிற்கும்.

இடத்தைப் போலவே காலமும் இங்கே முக்கியம். 2024 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழையால் வடக்கு, கிழக்கு மாகாணங்களிற் பெரும்போக வயல்கள் பல நீரில் மூழ்கின. அவ்வேளை சென்ரினெல்-1 வரிசையில் ஒரு செய்மதியே பணியிலிருந்தது. ஒரே பாதையில் அது மீண்டும் வர 12 நாளாகும். நெல்லுக்கு நேரும் சேதம், அது எவ்வளவு ஆழத்தில் எத்தனை நாள் மூழ்கி நின்றது என்பதைப் பொறுத்தது. பன்னிரண்டு நாளுக்கொருமுறை எடுத்த படம், நீர் நின்றதைக் காட்டலாம். மூன்று நாள் நின்றதா, பத்து நாள் நின்றதா என்பதைக் காட்டாது. அதனை அறிந்தவன் வயலுக்குச் சென்று பார்த்த கமக்காரனே.

10. பீடையும் படமும்

கபில நிறத் தத்தி நெற்புதரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாற்றை உறிஞ்சுவது. மேலே இலை பச்சையாக இருக்கும்போதே கீழே தத்தி பெருகிவிடும். பின்னர்ப் பயிர் வட்டம் வட்டமாக மஞ்சளித்து, எரிந்தாற்போற் காயும். செய்மதி மேலிருந்து காண்பது இக்கடைசி நிலையையே. 30 மீற்றர்க் கட்டமொன்றிற் பாதி காய்ந்திருப்பின், முன்னர்க் கூறிய கணக்கின்படி சுட்டெண் 0.82 இலிருந்து 0.49 ஆக இறங்கும்; பிழை எளிதிற் புலப்படும். 250 மீற்றர்க் கட்டத்தில் ஓர் ஏக்கர் முழுவதும் காய்ந்தாலும் சுட்டெண் 0.77 இற்கே இறங்கும், யாரும் ஐயுறார். எவ்வாறாயினும், படம் காட்டும் வேளையில் அவ்விடத்துப் பயிர் கைகடந்துவிட்டது. வாரந்தோறும் வயலில் இறங்கி, புதர்களை விலக்கி அடியைப் பார்ப்பதற்கு ஈடான படம் இல்லை.

மேலும், படம் நோயின் பெயரைக் கூறாது. வெங்காயம் மஞ்சளித்தால் அது நைதரசன் குறைவாலா, நோயாலா, நீர் தேங்கியதாலா என்பதைச் சுட்டெண் அறியாது. “இவ்விடத்தில் ஏதோ வேறுபாடு உண்டு, சென்று பார்க்க” என்பதே அது கூறும் செய்தி. படத்தை மட்டும் கண்டு பசளையோ மருந்தோ இடுதல் பணநட்டமாகும்.

11. கமக்காரர் கவனிக்க வேண்டியவை

(1) யாரேனும் செய்மதிப் படத்தைக் காட்டினால், கட்டத்தின் அளவு எத்தனை மீற்றர், எடுத்த திகதி யாது, ஒளிப்படமா றேடார்ப் படமா என்னும் மூன்றையும் கேட்டறிக.

(2) தமது வயலின் அகலம் கட்டத்தின் பக்கத்தைப்போல் மூன்று நான்கு மடங்கேனும் இல்லாவிடின், அப்படத்தைத் தமது வயலுக்குரிய சான்றாகக் கொள்ளற்க. வெளி முழுவதுக்குமான பொதுநிலையை அறிய மட்டும் அதனைக் கொள்க.

(3) விதைத்த திகதி, நெல்லினம், நீர் ஏறிய நாள், வடிந்த நாள் என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்க. படத்தில் இல்லாத காலக்கணக்கை நிரப்புவது இக்கொப்பியே.

(4) வெள்ளமோ வரட்சியோ நேர்ந்தால், வயலின் படத்தைத் திகதியுடன் கைத்தொலைபேசியில் எடுத்து, தாமதமின்றிக் கமநல சேவை நிலையத்துக்கு அறிவிக்க. நீர் வடிந்தபின் அறிவிப்பதிலும், நிற்கும்போது அறிவிப்பது நன்று.

(5) மதிப்பீட்டிற் பிழை உண்டெனத் தோன்றின், எக்கட்ட அளவுள்ள படத்தைக்கொண்டு மதிப்பிடப்பட்டது என்று கேட்டு, நேரிற் பார்வையிடுமாறு கமக்காரர் அமைப்பின் மூலம் வேண்டுக.

(6) இரண்டு மூன்று பரப்புத் தோட்டங்களுக்கு ட்ரோன் எடுக்கும் படமே தக்கது. அதன் கட்டம் சில சதமமீற்றர் அளவினது. ஆயினும் அதுவும் இலையின் அடிப்பக்கத்தைக் காட்டாது.

முடிவாக, பெரிய கட்டமும் அடிக்கடி வருகையும் உள்ள படம் மாவட்டத்துக்கு உரியது. நடுத்தரக் கட்டமுள்ள படம் குளத்துக்கும் வெளிக்கும் உரியது. சிறிய கட்டமுள்ள படம் வயலுக்கு உரியது. பயிரின் அடிப்பகுதியோ கமக்காரனின் கண்ணுக்கே உரியது. படத்தை அதற்குரிய இடத்தில் வைத்து உபயோகிப்பவன் அதனாற் பயன் பெறுவான். மேலதிக விளக்கம் வேண்டுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.